ஊராட்சிப் பணத்தில் பெயர் ஒட்டாத பங்கு

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரிப் பக்கத்து ஊராட்சி ஒன்றின் வார்டு உறுப்பினர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, எங்கள் ஊராட்சிக்கு வருஷத்துக்கு இத்தனை லட்சம் வருகிறது என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். தெருவெல்லாம் பேவர் பிளாக் போட்டாயிற்று. ஆனால் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்து கிடக்கிறது, கோடையில் குடிதண்ணீர் நின்று நின்று வருகிறது, படித்த பிள்ளைகள் எல்லாம் சென்னைக்குப் போய்விட்டார்கள். பட்ஜெட்டை எப்படிப் போட்டால் ஊர் வளரும்?"

தம்பி, நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, துணை வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்றவன். அம்பாசமுத்திரம் பக்கமும் இருந்திருக்கிறேன், ராதாபுரம் பக்கமும் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எவ்வளவு பணம் வருகிறது என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வருகிற பணத்தில் எவ்வளவு பணத்தின்மேல் யாருடைய பெயரும் ஒட்டவில்லை என்று கேளுங்கள். ஒன்றியத்தின் பெயர், திட்டத்தின் பெயர், துறையின் பெயர் என்று எதுவும் ஒட்டாமல், "இதை என்ன செய்யலாம்?" என்று உங்கள் மன்றம் உட்கார்ந்து முடிவு செய்யக்கூடிய பணம். அது சின்னத் தொகைதான். ஆனால் உங்கள் ஊரின் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றபடி வளைகிற பணம் அது ஒன்றுதான்.

கணக்கில் இருந்து தொடங்குவோம். ஊராட்சிக்குப் பழக்கத்தில் மூன்று கணக்குகள். முதல் கணக்கு பொது நிதி. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம், ஏல வருமானம், அதோடு மாநில நிதிக்குழு மானியம் இதில் வந்து சேரும். இரண்டாம் கணக்கு மின்கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் கட்டணத்துக்கும் என்றே ஒதுக்கியது. மூன்றாம் கணக்கு திட்ட நிதி. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது மத்திய நிதிக்குழுப் பணமெல்லாம் இணையவழியில் பட்டுவாடா ஆகிறது. காசோலைக் காலம் பெரும்பாலும் போய்விட்டது. முறை எப்படி மாறினாலும் இந்த மூன்று பிரிவையும் மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.

மாநில நிதிக்குழு மானியம் எது என்றால், மாநிலம் தன் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது. ஊரகத்துக்கு இவ்வளவு, நகரத்துக்கு இவ்வளவு, ஊரகத்துக்குள் கிராமம், ஒன்றியம், மாவட்டம் என்று மறுபடியும் பங்கு. மத்திய நிதிக்குழுப் பணம் தனி. 15-வது நிதிக்குழுவின் 2021-26 காலத்தில் அதை நம் மாநிலம் கிராம ஊராட்சிக்கு 80, ஒன்றியத்துக்கு 15, மாவட்ட ஊராட்சிக்கு 5 என்று பிரித்தது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ஊராட்சிக்கு வந்த 100 ரூபாயில் 60 ரூபாய் கட்டுண்ட பணம், அதாவது இன்னதற்கு மட்டும் என்று பெயர் ஒட்டிய பணம். அதில் 30 துப்புரவுக்கு, 30 குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும். மிச்சம் 40 ரூபாயை ஊரின் தேவைக்குச் செலவு செய்யலாம், ஆனால் அதிலும் சம்பளம் கொடுக்கக் கூடாது. நிதிக்குழு மாறும்போது விகிதம் மாறும். பெயர் ஒட்டி அனுப்பும் பழக்கம் மட்டும் மாறாது.

கட்டுண்ட பணம் கெட்ட பணம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பல ஊராட்சிகளில் குடிநீர்க் குழாயே வந்திருக்காது. ஆனால் அதில் உங்கள் புத்திக்கு அதிக வேலை இல்லை, எஸ்டிமேட் போட ஓவர்சியர் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார். உங்கள் புத்தி வேலை செய்ய வேண்டியது முதல் கணக்கிலும் அந்த 40 ரூபாயிலும்.

இனி ஒரு சங்கடத்தைச் சொல்கிறேன். நம் தண்ணீர் நாட்காட்டியும் சர்க்கார் பண நாட்காட்டியும் ஒன்றுக்கொன்று பேசுவதில்லை.

தாமிரபரணிப் பாசனத்தில் பிசானம் என்கிற குளிர்கால நெல்லை அறுத்து முடிய மாசி, பங்குனி ஆகிவிடும். கார் சாகுபடிக்குப் பாபநாசத்தில் தண்ணீர் திறப்பது, அணையில் இருப்பு இருந்தால், ஜூன் முதல் தேதியை ஒட்டி. இடையில் இருக்கிற சித்திரை, வைகாசிதான் வாய்க்கால் காய்ந்து கிடக்கும் நாட்கள். தூர் எடுக்க, மடைப் பலகை மாற்ற, கரையை உயர்த்த அதுதான் நேரம். உங்கள் பக்கம் மானாவாரிக் குளங்கள், மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும். உங்களுக்குப் புரட்டாசி வரை நேரம் உண்டு. சரி, நிதியாண்டு எப்போது தொடங்குகிறது? ஏப்ரலில். சித்திரை பிறக்கும்போது புது மானியம் எதுவும் வந்திருக்காது. அது தவணை தவணையாக வரும். அப்புறம் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, பணி ஆணை. எல்லாம் கைக்கு வரும்போது குளத்தில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நிற்கும் குளத்தில் என்ன தூர் எடுப்பது? "சரி, மார்ச்சுக்குள் செலவழிக்க வேண்டுமே" என்று அந்தப் பணம் பேவர் பிளாக்குக்குத் திரும்பிவிடும். உங்கள் தெருவில் கிடக்கும் பேவர் பிளாக்கில் பாதி இப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

சித்திரையில் கையில் இருக்கக்கூடிய பணம், போன வருஷம் முதல் கணக்கில் நீங்கள் மிச்சம் வைத்த பணம் மட்டுமே. அதனால் ஊராட்சிப் பட்ஜெட்டின் முதல் வரியே "ஏப்ரல் முதல் தேதி ஆரம்ப இருப்பு" என்பதாக இருக்க வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன். மார்ச் 31 அன்று கணக்கைத் துடைத்து வைப்பதைச் சில தலைவர்கள் பெருமையாக நினைக்கிறார்கள். ஒரு ஜே.சி.பி. இரண்டு நாள் ஓடுவதற்கான வாடகை சித்திரையில் கையில் இருந்தால், ஐப்பசியில் நூறு வயலுக்குத் தண்ணீர் ஏறும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் அது நீர்வளத் துறைக் குளம். ஊரில் இன்னும் பி.டபிள்யூ.டி. குளம் என்றுதான் சொல்வார்கள். அதற்குக் கீழே என்றால் ஒன்றியக் குளம். துறைக் குளத்தில் ஊராட்சி கேட்காமல் கை வைத்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்ளும். எந்தக் குளம் யாருடையது என்று ஒரு தாளில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

முதல் கணக்கு எப்படிப் பெருகும்? கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேடு என்று ஒன்று செயலாளர் மேசையில் இருக்கும். எத்தனை வீட்டுக்கு எவ்வளவு வரி கேட்க வேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு நிற்கிறது என்ற கணக்கு. பல ஊர்களில் அந்தப் பதிவேட்டில் இல்லாத வீடுகளே ஒரு தெரு தேறும். ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டியிருப்பார்கள். பதிவேட்டில் இன்னும் ஓட்டு வீட்டு வரியே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு இளவட்டங்களைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடந்து பாருங்கள், புரியும். வீட்டு வரியோடு சேர்த்து வாங்கும் நூலக வரி, ரூபாய்க்குப் பத்துப் பைசா, நம் பணம் இல்லை. நூலகத் துறைக்குப் போக வேண்டியது. அதைப் பொது நிதியில் கலந்து செலவழித்துவிட்டுப் பிறகு முழிக்கும் ஊராட்சிகளைப் பார்த்திருக்கிறேன்.

தொழில் வரியை ஊராட்சிகள் மறந்தே போய்விடுகின்றன. ஊர் எல்லைக்குள் பள்ளிக்கூடம், வங்கிக் கிளை, கூட்டுறவுச் சங்கம், காற்றாலை நிறுவனத்தின் பராமரிப்பு அலுவலகம், தொழிற்சாலை என்று எது இருந்தாலும், அங்கே வேலை பார்ப்பவர்கள் அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி கட்ட வேண்டும். ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று அரசியலமைப்பே உச்சவரம்பு வைத்திருக்கிறது. கங்கைகொண்டான் சிப்காட் பக்கமோ, கூடங்குளம் பக்கமோ இருக்கிற ஊராட்சிகளுக்கு இது பெரிய விஷயம். உங்கள் ஊருக்குச் சின்ன விஷயமாக இருக்கலாம், ஆனால் பெயர் ஒட்டாத விஷயம். மீன்பாசி குத்தகை, கருவேல மர ஏலம், புளியமர மகசூல் ஏலம் இவற்றில் ஊராட்சிக்கு வர வேண்டியது சரியாக வருகிறதா என்று ஒன்றியத்தில் கேளுங்கள். ஊரில் கல்குவாரி இருந்தால் கனிமக் கட்டணத்தில் உள்ளாட்சிக்குப் பங்கு உண்டு. லாரி ஓடி ரோடு போவது மட்டும்தான் நம் பங்கு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

"வரி கேட்டால் ஓட்டுப் போடமாட்டார்கள், அண்ணாச்சி" என்பீர்கள். நம் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு வரி என்று பேசி முடித்த மறுநாளே சென்னையில் கடை வைத்திருக்கிறவர், மும்பையில் இருக்கிறவர் எல்லாரும் அனுப்பிவிடுவார்கள். பாக்கி வைத்தால் மரியாதை போய்விடும். அங்கே பணம் கொடுப்பதற்குப் பக்தி மட்டும் காரணம் இல்லை. கொடை முடிந்ததும் வரவு செலவை ஊர் கூடி வாசிப்பார்கள். மேளத்துக்கு எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு, வில்லுப்பாட்டுக்கு எவ்வளவு, மிச்சம் யாரிடம் இருக்கிறது என்பது வரை. ஒரு ரூபாய் இடித்தால் அங்கேயே ஒருவர் எழுந்து கேட்பார். அதே ஊர்க்காரர்தான் ஊராட்சி வீட்டு வரியை நான்கு வருஷம் நிலுவை வைத்திருக்கிறார். ஏன்? ஊராட்சியின் கணக்கை அவர் காதில் யாரும் வாசித்தது இல்லை.

கிராம சபையில் படிவம் 30 என்ற வரவு செலவு அறிக்கையை வைக்க வேண்டும் என்பது விதி. பேனராகவும் கட்டி வைப்பார்கள். ஆனால் அது யாருக்கும் புரியாத தலைப்புகளில் இருக்கும்: "இதர செலவினம்", "பராமரிப்புச் செலவு". நீங்கள் கொடைக் கணக்கு மாதிரி வாசியுங்கள். கீழத்தெரு மோட்டார் காயில் கட்டியதற்கு இவ்வளவு, எல்.இ.டி. பல்பு இத்தனை, ஒரு பல்பின் விலை இவ்வளவு, எந்தக் கடையில் வாங்கியது என்று. எனக்குத் தெரிந்து அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஊராட்சியில் ஒரு தலைவர் இரண்டு கிராம சபையில் இப்படி வாசித்தார். மூன்றாவது சபைக்கு முன்னால் ஒரு பெரியவர் மூன்று வருஷ நிலுவையைக் கொண்டுவந்து கட்டிவிட்டு ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இனி நான் கேள்வி கேட்கலாம்ல?" என்றார். கேட்டார், நன்றாகவே கேட்டார்.

இன்னொரு யுக்தியும் உண்டு. பூட்டிக் கிடக்கிற வீடுகளின் சொந்தக்காரர்கள் கொடைக்கு வருகிற அந்த மூன்று நாள் செயலாளரை ரசீதுப் புத்தகத்தோடு ஊராட்சி அலுவலகத்தில் உட்கார வையுங்கள். இப்போது இணையத்திலும் கட்டலாம். ஊருக்கு வராதவர்களுக்கு அந்த வழியை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

செலவுக்கு வருவோம். என் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஒரு சித்திரை மாதம், காலை ஆறு மணி இருக்கும். தொட்டி ஆப்பரேட்டர் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், மோட்டார் எரிந்துவிட்டது. நீர்மூழ்கி மோட்டாரை ஏற்ற ஆள், தூக்கும் வண்டி, திருநெல்வேலி ஜங்ஷனுக்குக் கொண்டுபோய்க் காயில் கட்டக் கூலி, திரும்ப இறக்கக் கூலி. முதல் கணக்கில் இருந்த பணம் வண்டி வாடகைக்கே காணாது. ஏன் என்று பார்த்தால், பங்குனியில்தான் ஊர் நுழைவாயிலில் ஒரு வளைவு கட்டி முடித்திருந்தார்கள். வளைவின் இரண்டு பக்கமும் சிங்கம். காயில் கட்டுகிற கடைக்காரர் கடனுக்குச் செய்து கொடுத்தார், ஆனால் முறை வைத்துத்தான் எடுத்தார். ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளும் லாரியில் தண்ணீர். கடைசியில் லாரித் தண்ணீருக்கு ஆன செலவு காயில் கட்டிய செலவைத் தாண்டிவிட்டது. ஒரு மாற்று மோட்டார் வாங்கி வைத்திருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும். வெயிலில் குடத்தோடு நின்ற பெண்கள் அந்தச் சிங்கத்தைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அன்றிலிருந்து எந்தத் தலைவர் புதுக் கட்டுமானம் என்று வந்தாலும் நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: இதைக் கட்டிய பிறகு மாதம் எவ்வளவு தின்னும்? ஆழ்குழாய்க் கிணறு கரண்ட் தின்னும். பூங்கா தண்ணீர் தின்னும், காவலாள் தின்னும். சமுதாயக்கூடம் வெள்ளையடிப்பு தின்னும். உயர்கோபுர விளக்கு எரிந்தால் கரண்ட், அணைந்தால் ஏறிப் பார்க்க வண்டி. திட்டப் பணம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடும், தீனி போடுவது முதல் கணக்கு. அதனால் பட்ஜெட் போடும்போது மின்கட்டணம், ஆப்பரேட்டர் சம்பளம், தூய்மைக் காவலர் மதிப்பூதியத்தில் நம் பொறுப்பு என்ன இருக்கிறதோ அது, பிளீச்சிங் பவுடர், பல்பு, மோட்டார் பழுது இவற்றை முதலில் மேலே எழுதிக் கழித்துவிடுங்கள். அதற்குக் கீழே மாற்று மோட்டாருக்கும் மழைக்கால அவசரத்துக்கும் ஒரு தொகை. 2023 டிசம்பர் 17, 18-ல் நம் பக்கம் பெய்த பேய்மழையில், கையில் பணமோ ஊர்க்கடையில் கடன் கிடைக்கும் நாணயமோ இருந்த ஊராட்சிகள்தான் அன்று இரவே மணல் மூட்டைக்கும் ஜே.சி.பி.க்கும் ஆள் அனுப்பின. மற்றவை உத்தரவுக்குக் காத்திருந்தன. இதெல்லாம் போக மிச்சம் இருப்பதுதான் வளர்ச்சிக்கான பணம்.

அந்த மிச்சத்தைத்தான் நாம் பெரும்பாலும் கெடுக்கிறோம். எப்படி என்றால், வார்டுக்கு வார்டு சமமாக வெட்டிப் பங்கு போட்டுவிடுகிறோம். ஒன்பது வார்டு என்றால் ஒன்பது துண்டு. ஒரு துண்டில் என்ன செய்ய முடியும்? ஐம்பது மீட்டர் பேவர் பிளாக், அல்லது ஒரு சின்டெக்ஸ் தொட்டி. உறுப்பினர்களுக்குச் சமாதானம், ஊருக்கு ஒன்றும் இல்லை. மாநில அளவிலும் இந்தப் பாடம் உண்டு. 2006-ல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்குத் தலா 20 லட்சம் என்று கொடுத்தார்கள். மூன்று குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் 20 லட்சம், முப்பது உள்ளதற்கும் 20 லட்சம். 2011-ல் வந்த, குக்கிராம மேம்பாட்டுக்கான தாய் (THAI) திட்டம் அதை மாற்றி, குக்கிராமங்களின் எண்ணிக்கையை வைத்துக் கொடுத்தது. சமமாகப் பிரிப்பதும் நியாயமாகப் பிரிப்பதும் ஒன்றல்ல என்று அரசே ஒப்புக்கொண்ட மாதிரி. உங்கள் ஊராட்சிக்குள்ளும் ஒரு வருஷம் இரண்டு வார்டுக்கு முழுப் பணம், அடுத்த வருஷம் வேறு இரண்டு வார்டு என்று தீர்மானப் புத்தகத்தில் வரிசையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதாமல் வாய்ப்பேச்சாகச் சொன்னால் அடுத்த வருஷம் அடிதடிதான்.

எதில் போடுவது? இங்கேதான் ஊருக்கு ஊர் மாறும். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் என்றால் நான் வயக்காட்டுப் பாதையில் போடச் சொல்வேன். வாழைத்தார் வெட்டினால் டிராக்டர் வயல் வரை போக வேண்டும். தலைச்சுமைக் கூலியிலேயே லாபம் கரைந்துவிடும். கடலோரத்தில், உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை மாதிரி ஊர்களில் வலை பின்னவும் மீன் காயப் போடவும் ஒரு சிமெண்டுத் தளமும் நிழலும் தண்ணீர்க் குழாயும் ஊருக்கு நேரே பணம். மானூர் பக்கத்து மானாவாரி நிலத்தில் ஆடு மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியும் கால்நடை மருந்தகத்துக்குப் பாதையும் முக்கியம். அங்கே ஆடுதான் வங்கிக் கணக்கு, அவசரம் என்றால் மேலப்பாளையம் சந்தைக்கு ஓட்டிப் போவார்கள். உங்கள் நாங்குநேரிப் பக்கம் என்றால் சந்தேகமே இல்லை, குளத்துக்கு வருகிற வரத்துக்கால். குளத்தை ஆழப்படுத்திப் படம் எடுத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வரத்துக்கால் அடைத்துக் கிடந்தால் ஆழமான குளம் ஆழமாகக் காய்ந்து கிடக்கும், அவ்வளவுதான்.

ஆனால் வரத்துக்கால் உங்கள் ஊராட்சி எல்லையில் தொடங்காது. மேலே இருக்கிற ஊரின் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்துதான் உங்கள் குளத்துக்கு வர வேண்டும். மேல் ஊராட்சி அந்த ஓடையில் குப்பை கொட்டினால் உங்கள் பட்ஜெட் என்ன செய்யும்? வட்டார வளர்ச்சி என்று பெரிய வார்த்தையில் சொல்வதெல்லாம் நம் நாட்டில் இந்த ஓடையில்தான் இருக்கிறது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் இருந்து பிரிகிற கன்னடியன் கால்வாயோ கோடகன் கால்வாயோ எத்தனை ஊரைத் தொட்டுப் போகிறது பாருங்கள். கால்வாய்க்கு ஊராட்சி எல்லை தெரியாது. பணத்துக்கு மட்டும் தெரிகிறது.

இதற்கு நான் பார்த்து, பலித்த வழி ஒன்று உண்டு. ஒரே ஓடையில் இருக்கிற மூன்று நான்கு ஊராட்சிகள் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டு, தத்தம் பகுதியைத் தாங்களே சுத்தம் செய்வதாகவும், நடுவில் இருக்கிற பாலத்தையும் தடுப்புச் சுவரையும் ஒன்றிய நிதியில் செய்ய வேண்டும் என்றும் எழுதி, எல்லாத் தலைவர்களும் சேர்ந்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போவது. வட்டார வளர்ச்சி அலுவலரிலும் இரண்டு பேர் உண்டு, ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, ஒருவர் கிராம ஊராட்சிக்கு. இரண்டு பேரிடமும் போங்கள். ஒரு தலைவர் தனியாகப் போனால் அது மனு. நான்கு பேர் நான்கு தீர்மான நகலோடு போனால் அதைக் கோப்பில் போட்டு மூட முடியாது. வேலை ஆட்களுக்கு நூறு நாள் வேலையை, அதாவது இப்போது அது எந்தப் பெயரில் எந்த விதியில் நடக்கிறதோ அதை, பொருத்திக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு போடத் தயார் என்றால் நமக்கு நாமே திட்டத்தில் கேட்கலாம். சென்னையில் இருக்கிற நம் கடைக்காரர்கள் கோயில் கோபுரத்துக்குக் கொடுப்பதில் கொஞ்சம் மடைக்கும் கொடுப்பார்கள், நேரில் போய்க் கேட்டால். மாவட்டத்தில் ஒன்பது ஒன்றியம், 204 ஊராட்சி. இவ்வளவுக்கும் சேர்த்துத் திட்டம் போட மாவட்டத் திட்டக் குழு என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது, ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். உங்கள் ஓடைத் தீர்மானம் அங்கே வரை போகட்டும். போகும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, அனுப்பாமல் இருக்காதீர்கள் என்கிறேன்.

செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்டச் செலவில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கே என்று கொடுத்தார்கள். நமக்கு அப்படிக் கொடுத்தால் நன்றாகத்தான் இருக்கும். கொடுக்கும் வரை சும்மா இருக்க முடியாது என்பதால்தான் இவ்வளவு நேரம் சின்னப் பணத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு கசப்பும் உண்டு. 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்ததால் நமக்கும் அவர்களுக்கும் 2021 அக்டோபரில்தான். ஐந்து வருஷம் தனி அலுவலர்தான் ஊராட்சி. தேர்தல் நடக்காத காலத்தில் மத்திய நிதிக்குழுப் பணமும் நின்றது. தனி அலுவலர்களைக் குறை சொல்லவில்லை, ஒருவருக்கு எத்தனையோ ஊராட்சி. ஆனால் அந்த ஐந்து வருஷத்தில் "ஓடையில் போடு" என்று சொல்ல ஊரில் ஓட்டு வாங்கிய ஆள் யாரும் இல்லை. உங்கள் கையில் இருப்பது சின்ன அதிகாரம்தான், ஆனால் அது இல்லாமல் இருந்து பார்த்த ஊர் இது.

கிராம சபையைப் பற்றியும் கேட்பீர்கள். ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் சபையில் ஒப்புதல் ஆகி, இணையத்தில் ஏற வேண்டும். அதில் இல்லாத வேலைக்கு நிதிக்குழுப் பணத்தில் பட்டுவாடா ஆகாது. அதனால் ஓடை வேலையை அக்டோபர் 2-க்கே பட்டியலில் ஏற்றிவிடுங்கள். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் குறைந்தது 100 பேர், 10,000 வரை என்றால் 200 பேர் வர வேண்டும். கையெழுத்து நோட்டு வீடு வீடாகப் போய் எண்ணிக்கை நிரம்புவது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். அப்படி நிரப்பிய சபையில் போட்ட தீர்மானத்துக்கு ஊரில் யாரும் காவல் நிற்கமாட்டார்கள்.

சபையில் எதற்கெடுத்தாலும் "கூடாது" என்று எழுந்து நிற்கிற ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். அவரைப் பற்றி வருத்தப்பட வேண்டாம். நம் மானூரில், அம்பலநாதர் கோயிலில், கி.பி. 800-ஐ ஒட்டிய பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சபையில் யார் உட்காரலாம் என்று விதி எழுதிய கல்வெட்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கும் நூறு வருஷத்துக்கு மேல் மூத்தது. அதில், சபைக்கு வருகிற ஒவ்வொரு பேச்சையும் "அன்று, அன்று" (அதாவது "அப்படி அல்ல") என்று மறுத்துக்கொண்டே இருப்பவருக்கு ஐந்து காசு தண்டம் என்று போட்டிருக்கிறார்கள். நிலத்தில் பங்கு உள்ளவர்களும் வேதம் தெரிந்தவர்களும் மட்டும் உட்கார்ந்த சபை அது, நம் சபை அப்படி இல்லை. ஆனால் ஆள் அதே ஆள்தான். தண்டம் போடுகிற அதிகாரம் இப்போது நமக்குக் கிடையாது. அவரிடம் வரவு செலவுத் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கிற வாய்க்கு மறுக்க நேரம் இருக்காது.

உடனே என்ன செய்யலாம் என்றால், இந்த வாரம் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் செயலாளரிடம் மூன்றைக் கேளுங்கள். முதல் கணக்கின் கடைசி இரண்டு வருஷ பாஸ்புக், கேட்பு வசூல் நிலுவைப் பதிவேடு, போன வருஷ மின்கட்டண ரசீதுகள். பாஸ்புக்கில் மார்ச் 31-ம் தேதி இருப்பைப் பென்சிலால் வட்டம் போடுங்கள். அப்புறம் தொட்டி ஆப்பரேட்டரைப் பிடித்து, மோட்டார் கடைசியாக எப்போது எரிந்தது, மாற்று மோட்டார் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இந்த நான்கும் தெரிந்த பிறகு மறுபடி எழுதுங்கள். வட்டத்துக்குள் இருக்கிற தொகையை மறக்காமல் எழுதுங்கள். எந்த ஓடையில் எத்தனை மீட்டர் வரை போகலாம் என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.